லாபிஸுக்குப் போன டிபன் கேரியர்

ஜோகூர் மாநிலத்துக் கூலாயில் பெரிய சாலையோரம் ரெஸ்டோரன் வைத்திருந்த லியாக்கத் அலி, உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் முழுசாக நம்பினார். அந்த ஆளின் பெயரும் லியாக்கத் அலிதான். போன வருஷம் நெஞ்சு அடைத்து, ஜோகூர் பாருவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து எழுந்து வந்த பிறகு, அந்த ஆள் மேலேயும் அவருக்கு லேசாக ஒரு சந்தேகம் விழுந்திருந்தது.

மற்றபடி அவர் சந்தேகத்தில் பாரபட்சம் காட்டியதே இல்லை. கோழிக்காரன் தராசில் விரலை வைக்கிறான். ஐஸ்காரன் உடைந்த கட்டிகளாகப் பார்த்துத் தள்ளிவிடுகிறான். ரொட்டி மாஸ்டர் அடிக்கடி கழிப்பறைக்குப் போவது ஊருக்குப் போன் பேசத்தான். கடையில் கேமரா மாட்டினார். அதை யாராவது திருப்பி வைத்துவிட்டால் என்ன செய்வது என்று, அந்தக் கேமராவைப் பார்ப்பதற்கு இன்னொரு கேமராவும் மாட்டினார். இரண்டையும் காட்டும் திரை கல்லாவுக்கு எதிரே இருந்தது. கல்லாவில் அவர் இருந்தார். விடியற்காலையில் வந்து உட்கார்ந்தால், பாமாயில் லாரிக்காரர்கள், செனாய் தொழிற்சாலைப் பிள்ளைகள் என்று கூட்டம் வந்து போய், கடைசி மேசையைத் துடைக்கும்வரை அந்த நாற்காலி காலியாகாது. தொழுகைக்கு எழுந்தால்கூடச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் எழுவார்.

அவருக்கு ஒரே மகள், ஆப்ரின். சிங்கப்பூரில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தவள். அத்தாவுக்கு நெஞ்சுவலி என்றதும் வேலையை விட்டுவிட்டு வந்து கடையில் நின்றாள். ஊரெல்லாம் மெச்சியது. லியாக்கத் அலி மட்டும், சிங்கப்பூர் வெள்ளியில் வந்த சம்பளத்தை ஒருத்தி சும்மா விட்டுவிட்டு வருவாளா என்று யோசித்தார். அவளுக்கு வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் திரும்பிப் போனார்கள். பெண்ணைப் பார்க்க வந்தானா, கல்லாவைப் பார்க்க வந்தானா என்று அவர் பார்த்த பார்வையில் ஒருவன் சர்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தே போனான்.

ஆப்ரின் வந்த கொஞ்ச நாளிலேயே பேச்சை எடுத்தாள். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம்.

"அத்தா, கடை லெசென் உங்க பேர்ல இருக்கு. பேங்கு கணக்கு உங்க பேர்ல. கடைக் கட்டடம் உங்க பேர்ல. ஊர்ல இருந்து வந்த பையன்க பெர்மிட்டெல்லாம் உங்க பேர்லதான். நாளைக்கு ஒண்ணுன்னா..."

"என்ன ஒண்ணு?"

"இல்ல அத்தா, சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குத்தான் கேக்குறேன். என்ன ஒண்ணுன்னு வாயத் தொறந்து சொல்லு."

அவள் மென்று விழுங்கிக்கொண்டு, "அடுப்பு மறுநாளே அணைஞ்சிடும் அத்தா, நான் அதத்தான் சொல்றேன். என் பேரையும் சேர்த்துப் போடுங்க" என்றாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் லியாக்கத் அலி மனைவி சபீதாவிடம், "உம்மவ நான் சாகறதுக்கு நாள் குறிக்கிறா" என்றார். சபீதா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "உங்களுக்கு மவ மேல சந்தேகமா, மவுத்து மேல சந்தேகமா?" என்று கேட்டார். மகளையும் சாவையும் அவர் அதுவரை பிரித்துப் பார்த்ததே இல்லை. பதில் இல்லாத கேள்வியைக் கேட்டதால் சபீதா மேலும் சந்தேகம் வந்தது. இருவரும் சேர்ந்துதான் பேசிவைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஆப்ரின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் பெரிய சந்தேகமானது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் மனிதர்கள் மறுபடி கேட்பார்கள், இல்லை சண்டை போடுவார்கள். சும்மா இருக்கிறாள் என்றால் வேறு எங்கோ கேட்கிறாள் என்று அர்த்தம். யாரிடம்?

பதில் கறிச்சட்டியிலிருந்து வந்தது.

லியாக்கத் அலிக்கு ஒரு வித்தை உண்டு. சட்டியின் உள்பக்கம் குழம்பு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் எத்தனை பேர் சாப்பிட்டுப் போனார்கள் என்று சொல்லிவிடுவார். திங்கட்கிழமைகளில் கடை மந்தம். ஆப்ரினுக்கு அன்றைக்கு ஓய்வு. அந்த நாளில் பார்த்துத் தால்ச்சாவும் ஆட்டுக்கறியும் மேசைக் கணக்குக்கு மேலே இறங்கியிருந்தன. ஒரு வாரம் பொறுத்தார். அடுத்த திங்களும் அப்படியே.

டீ கலக்கும் கனகராஜைக் கூப்பிட்டார். கனகராஜ் கூலாயிலேயே தோட்டத்தில் பிறந்தவன், கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறான். பழைய ஆள் என்பதால் அவன் மேல் பழைய சந்தேகம்.

"காலையில யாரு புங்குஸ் பார்சல் கட்டி வாங்கிட்டுப் போனது? பெருசா?"

"ஆப்ரின்தான் எடுத்துட்டுப் போச்சு மொதலாளி."

"எதுல எடுத்துட்டுப் போனா? பிளாஸ்டிக் பையிலயா?"

"டிபன் கேரியர்ல."

லியாக்கத் அலி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பையில் போனால் அது வியாபாரம். சிநேகிதிக்கு என்றாலும் பைதான். கேரியரில் போனால் அது உறவு. பாத்திரம் திரும்பி வந்தாக வேண்டுமே. கூலாயில் அவர்களுக்கு உறவு என்று யாரும் கிடையாது. ஜோகூரிலேயே ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளின் பெயரை அவர் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

வீட்டுக்குப் போய்ச் சமையற்கட்டில் கேரியரைத் தேடினார். அலம்பிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சபீதா என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்குத் தண்ணீர் என்றார். குளிர்பெட்டியைத் திறந்தார். கீழ்த்தட்டில் பெத்தாய்க் காய்கள், பச்சையாக, முறுக்கிக்கொண்டு, கட்டாக இருந்தன. எந்த முஸ்லிம் வீட்டிலும் கேரியரை வெறுமனே திருப்பி அனுப்பமாட்டார்கள்; கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பெத்தாயைப் போட்டுக் கொடுத்தவன் வீட்டில் பெத்தாய் மரம் இருக்க வேண்டும். அந்த மரத்தில் சின்ன வயதில் லியாக்கத் அலி ஏறி விழுந்திருக்கிறார்.

லாபிஸ். தம்பி நாசர்.

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெற்ற மகள் அவன் வீட்டுக்கா போகிறாள்?

நாசர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்; லியாக்கத் அலியைச் சொல்லச் சொன்னால் விடிந்துவிடும். லாபிஸில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் அவர்களுடைய அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். நல்ல கடை. தோட்டத்து ஜனம் பூராவும் அங்கேதான் சாமான் எடுக்கும். எனக்குப் பின்னால் யார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மழை நாளில் மூட்டைகளுக்கு நடுவே சாய்ந்து போய்விட்டார். கடை அவர் பேரில். கணக்கும் அவர் பேரில். அரிசி போடுகிற சீனர், யார் பேரில் சரக்கு அனுப்புவது என்று கேட்டார். அண்ணன் என் பேரில் என்றார், தம்பி என் பேரில் என்றார். உள்ளே இருக்கும் சரக்கைத் தம்பி எடுத்துவிடுவான் என்று அண்ணன் கதவில் ஒரு பூட்டுப் போட்டார். அண்ணன் எடுத்துவிடுவார் என்று தம்பி இன்னொரு பூட்டுப் போட்டார். இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் திறக்கவே இல்லை. அரிசியில் வண்டு விழுந்தது, மிளகாய் மூட்டை பூத்தது, கடை போனது. இப்போது அந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. அண்ணன் கூலாய்க்கு வந்து கரண்டியைப் பிடித்தார். தம்பி அத்தாவின் பாமாயில் நிலத்தோடு லாபிஸிலேயே இருந்துகொண்டார். பேச்சு வார்த்தை அன்றோடு சரி.

அந்த நாசரோடுதான் ஆப்ரின் சேர்ந்திருக்கிறாள். லியாக்கத் அலிக்கு எல்லாம் வரிசையாகப் பிடிபட்டது. நான் கண்ணை மூடினால் அவனும் இவளும் பங்கு போட்டுக்கொள்ள ஏற்பாடு. ஒருவேளை மூடுவதற்கு முன்னாலேயே.

அடுத்த திங்கட்கிழமை, ஆப்ரினின் மைவி கார் கிளம்பிச் சந்து திரும்பியதும், லியாக்கத் அலி கனகராஜின் பழைய கஞ்சில் காரில் ஏறி உட்கார்ந்தார். கல்லாவைச் சபீதாவிடம் விட்டிருந்தார். சபீதாவைப் பார்க்க கேமராக்களை விட்டிருந்தார்.

"எங்க மொதலாளி?"

"அந்தக் கார் பின்னாடி. ரொம்ப ஒட்டாதே."

கனகராஜ் அதற்கு மேல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று லியாக்கத் அலி ஆயர் ஈத்தாம்வரை யோசித்துக்கொண்டு வந்தார். யோங் பெங்கில் சொல்லாமலேயே அவன் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபோது பிடித்துக்கொண்டார்.

"லாபிஸுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முன்னாடி போற கார் திரும்புதுல்ல மொதலாளி."

அது சரியான பதில்தான். இருந்தாலும் அவருக்குத் திருப்தியில்லை. இருபக்கமும் பனைகள் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. கனகராஜ் சாலையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னான்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு நெஞ்சு அடைச்சப்ப, நாங்கெல்லாம் பேசிக்கிட்டோம்."

"என்ன பேசுனீங்க?"

"ரொட்டி மாஸ்டரு, பையன்க எல்லாம்தான். உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவனுங்க பெர்மிட்டு என்னாவுமோ, திருப்பி அனுப்பிருவாங்களோன்னு. ஒருத்தன் பெட்டி கட்டி வச்சிட்டான். நீங்க பொழைக்கணும்னு நான் சாமிக்கு நேந்துகிட்டேன். உங்களுக்காக மட்டும்னு பொய் சொல்லமாட்டேன் மொதலாளி. எனக்காகவுந்தான்."

லியாக்கத் அலி அவனைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்க்க வந்து வரிசையில் நின்ற முகங்கள் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு அவர் நினைத்தது, இவ்வளவு பேரும் இங்கே நின்றால் கடையை யார் பார்ப்பது என்று மட்டும்தான்.

நாசரின் வீடு அப்படியேதான் இருந்தது, பலகை வீடு, முன்னால் தகரக் கொட்டகை. மைவி கொட்டகையில் நின்றது. கஞ்சிலைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு லியாக்கத் அலி பெத்தாய் மரத்தைச் சுற்றிப் பக்கவாட்டுச் சன்னலுக்குப் போனார். அறுபது தாண்டிய, இதயத்தில் குழாய் வைத்த, ஊரில் பெரிய மனிதர் என்று பெயர் வாங்கிய ஆள், சுவரோடு ஒட்டிக்கொண்டு காதைத் தீட்டினார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் காது வெட்கப்படவில்லை.

உள்ளே நாசரின் குரல். இத்தனை வருஷத்தில் கொஞ்சம் கரகரத்திருந்தது.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்மா. ஒங்கத்தா மவுத்தானப்புறம் வா. அப்பப் பேசிக்கலாம்."

லியாக்கத் அலிக்குக் கோபம் தலைக்கேறியது. செருப்பைக் கழற்றக்கூட நிற்காமல் உள்ளே நுழைந்தார்.

"அப்ப எதுக்குடா? இப்பவே பேசு. நான் உசுரோடதான் இருக்கேன். என் முன்னாடியே பங்கு போடுங்க."

தரையில் பாய் விரித்து, நடுவில் கேரியரின் தட்டுகளைப் பிரித்து வைத்திருந்தார்கள். நாசர் கையில் சோறு இருந்தது. ஆப்ரின் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. பயத்தினால் அல்ல என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

"என் பின்னாடியே வந்தீங்களா அத்தா?"

அவர் குனிந்து, கழற்றாமல் வந்த தன் செருப்பைப் பார்த்தார்.

"வந்திருக்கீங்க. என் மேலதான் இன்னும் கேமரா மாட்டல." அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்லதாப் போச்சு. உங்ககிட்ட கேட்டேன், நீங்க சாகறதுக்கு நாள் குறிக்கிறேன்னு அம்மாகிட்டச் சொன்னீங்க. அதான் கேக்க வேண்டிய இன்னொரு ஆள்கிட்ட வந்தேன். பள்ளிவாசல் உஸ்தாசுகிட்டப் போய்க் கேட்டுட்டுத்தான் வந்தேன். நீங்க ஒண்ணும் எழுதாமப் போனா பாதி எனக்கு, எட்டுல ஒண்ணு அம்மாவுக்கு, மிச்சம் சின்னத்தாவுக்கு. எனக்கு ஒரு அண்ணனோ தம்பியோ இருந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல. சின்னத்தா பங்க குடுக்கணும்னா கடைய வித்துத்தான் குடுக்கணும். அப்புறம் கடையே இருக்காது. எனக்கு ஒண்ணும் வேணாம்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க சின்னத்தான்னு கேக்கத்தான் வாராவாரம் வரேன்."

தெரியாத சட்டமில்லை. கடைக்கு வரும் எத்தனையோ குடும்பச் சண்டைகளுக்கு லியாக்கத் அலியே உட்கார்ந்து இந்தப் பங்கைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். தன் பேரை அதில் வைத்துப் பார்க்காமல் இருந்தார், அவ்வளவுதான். ஆனால் ஒன்று உடனே பிடித்துக்கொண்டார்.

"எழுதிக் குடுத்தானா? மாட்டேன்றான் பாத்தியா? இதுதான் நாசர். அவனுக்கு வேணும்."

நாசர் கையைக் கழுவிவிட்டு வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உக்காருங்கண்ணே. நீங்க உசுரோட இருக்கிற வரைக்கும் ஒங்க கடையில எனக்கு ஒரு கரண்டிகூடக் கெடையாது. இல்லாத ஒண்ண நான் எப்படி விட்டுக் குடுக்கிறது? நான் எழுதினாலும் அது செல்லாது. இந்தப் புள்ளக்கி அதத்தான் ஒவ்வொரு வாரமும் சொல்றேன். அது சாப்பாட்டக் குடுத்தே மடக்கிடலாம்னு பாக்குது."

"சரி. நான் போனப்புறம் விட்டுக் குடுப்பியா?"

வெளியே ரயில் ஒன்று நீளமாகப் போனது. போய் முடியும்வரை நாசர் காத்திருந்தார்.

"தெரியாதுண்ணே."

"என்னடா தெரியாது?"

"இன்னைக்குக் கேட்டா குடுப்பேன்னு தோணுது. சத்தியமாத் தோணுது. அன்னைக்கு என்ன தோணுமோ. என் பயலுவ ரெண்டு பேரும் என்ன சொல்லுவானுங்களோ. அத்தா போன அன்னைக்குக் காலையில யாராச்சும் என்கிட்ட வந்து, நீ சாயங்காலம் பூட்டோட நிப்பேன்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். நீங்களும் சிரிச்சிருப்பீங்க." நாசர் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார். "என்னை நம்பாதீங்கண்ணே. நம்பிட்டு செத்துடாதீங்க."

இத்தனை வருஷமாக லியாக்கத் அலியிடம் வந்தவர்கள் எல்லாரும் என்னை நம்புங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கோழிக்காரனும் ஐஸ்காரனும் மாப்பிள்ளைகளும் சொன்னதும் அதேதான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு மூக்கில் வியர்க்கும். நம்பாதே என்று ஒருவன் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் தம்பிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. ஆப்ரின் ஒரு தட்டில் சோறு வைத்துத் தள்ளினாள். தன் கடைத் தால்ச்சாவைத் தம்பி வீட்டுப் பாயில் உட்கார்ந்து தின்றார். உப்பு ஒரு கல் கூட என்று அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

திரும்பும்போது மகள் காரில் வந்தார். பின்னால் கனகராஜ் தனியாக வந்துகொண்டிருந்தான்.

"வேற என்ன வழி இருக்காம்? ஒங்க உஸ்தாஸ் சொல்லியிருப்பாரே."

"ஹிபா அத்தா. நீங்க இருக்கும்போதே, உங்க இஷ்டத்துல, இது உனக்குன்னு குடுத்துடறது. குடுத்ததுக்கு அப்புறம் அதுல யாருக்கும் பங்கு இல்ல. உங்களுக்கும்தான்."

கடைசி வார்த்தையில் அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரிட் சூலோங் போகும் பலகை தாண்டியதும் கேட்டார்.

"குடுத்துட்டா என்னை என்ன பண்ணுவே?"

"முதல்ல ரெண்டாவது கேமராவக் கழட்டுவேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

வேலைகள் இழுத்தன. கடையைக் கம்பெனியாகப் பதிய வேண்டும், பெர்மிட்டுகளை மாற்ற வேண்டும், கட்டடத்துக்குத் தனியாக அலைய வேண்டும். ஒவ்வொரு கவுண்டரிலும் லியாக்கத் அலி எதற்கு, ஏன், யார் சொன்னது என்று கேட்டு அதிகாரிகளின் உயிரை வாங்கினார். சபீதாவுக்கு ஒரு பகுதி, ஆப்ரினுக்கு மீதி என்று எல்லாம் முடிந்து, ஹிபாவுக்காக ஒரு மலாய் வக்கீலின் அறையில் உட்கார்ந்தார்கள். சாட்சிக்கு நாசர் வந்திருந்தார், நல்ல சட்டை போட்டுக்கொண்டு.

கொடுத்தீர்களா என்று வக்கீல் கேட்டார். கொடுத்தேன் என்றார் லியாக்கத் அலி. ஏற்றுக்கொண்டாயா என்று ஆப்ரினைக் கேட்டார். ஏற்றுக்கொண்டேன் என்றாள். கைக்கு வந்து சேர்ந்ததா என்று மூன்றாவதாகக் கேட்டார். கொடுத்தவர் கையிலேயே பொருள் இருந்தால் அது கொடுத்ததாகாது, நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் நிற்காது என்று நிதானமாக விளக்கினார். லியாக்கத் அலி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி மகள் கையில் வைத்தார். இடுப்பு லேசாக இருந்தது. நாசர் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் லியாக்கத் அலி அத்தனை சீக்கிரம் ஏமாறுகிற ஆளா? சாவி கொடுக்கும்போதே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். பேர் அவளுடையதாக இருக்கட்டும். தாள் அவளுடையதாக இருக்கட்டும். நாற்காலி எங்கே போகப்போகிறது? மகள் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அத்தாவை நிற்க வைத்துவிடுவாளா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?

மறுநாள் விடிகாலையில் வழக்கம்போலக் கடைக்குப் போனார். ஆப்ரின் அவருக்கு முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ உள்ள போய் சமையலப் பாரும்மா. நான் இங்க இருக்கேன்."

"வேணாம் அத்தா."

"கொஞ்ச நேரந்தான். நீ டீ குடிச்சிட்டு வா."

"கனகராஜ் அண்ணன உக்காத்தி வச்சிட்டுக் குடிக்கிறேன். நீங்க உக்காரக் கூடாது." அவள் எழவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளைக்கு ஒரு காலத்துல சின்னத்தா மகனுங்க வந்து, கடைசி வரைக்கும் அவருதானே கல்லாவுல உக்காந்திருந்தாரு, எங்க குடுத்தாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? இங்க சாப்பிட வர்றவங்கதான் சாட்சி."

"யாரு கேக்கப்போறா அப்படியெல்லாம்?"

"அவனுங்க இடத்துல நீங்க இருந்தா கேட்டிருப்பீங்க அத்தா."

கேட்டிருப்பார்தான். கட்டாயம் கேட்டிருப்பார். லியாக்கத் அலி நகர்ந்து, மின்விசிறிக்குக் கீழே, சுவரோர மேசையில் போய் உட்கார்ந்தார். அந்த மேசையில் அவர் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் கேமராத் திரை தெரியவில்லை, சமையற்கட்டு தெரியவில்லை, ரொட்டி மாஸ்டர் எங்கே போகிறான் என்று தெரியவில்லை. தெரிந்தது சாலையும், அதில் போகிற லாரிகளும்தான். கனகராஜ் ஆற்றிய தே தாரிக் டீயைக் கொண்டுவந்து வைத்தான். ரொட்டி வந்தது. பக்கத்து மேசைகளில் ஆட்கள் அவரையும் கல்லாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் குனிந்து சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

"அத்தா" என்று ஆப்ரின் கூப்பிட்டாள். "காசு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கனகராஜ் குவளையைத் தூக்கியபடியே நின்றான். லியாக்கத் அலிக்குக் காதுவரை சுட்டது. தான் கட்டிய கடை. தான் வாங்கிய நாற்காலி. அந்த மாவுக்கும் சீனிக்கும் தானே தேடிப்பிடித்த வியாபாரி. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்கே தெரியவில்லை. மகள் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஆனால் கையை நீட்டித்தான் வைத்திருந்தாள்.

பையில் கைவிட்டு ஓர் ஐம்பது வெள்ளித் தாளை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

ஆப்ரின் அதை வாங்கினாள். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கள்ளத் தாளா என்று முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள், ஓரத்தை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினாள். பிறகுதான் கல்லாவைத் திறந்து உள்ளே போட்டாள். பெற்ற அத்தா கொடுத்த தாளை.

அவருக்கு வலித்தது. ரொம்பவே வலித்தது. அந்த வலிக்கு நடுவிலேயே, தான் இல்லாத ஒரு காலையில் இந்தக் கடை திறந்திருப்பதும், அடுப்பு எரிவதும், இவள் இதே மாதிரி தாளைத் தூக்கிப் பார்ப்பதும் அவருக்கு முதல்தடவையாகக் கண்ணில் தெரிந்தது. பிழைத்துக்கொள்வாள். கடையும் பிழைத்துக்கொள்ளும்.

ஆப்ரின் மிச்சக் காசை நீட்டினாள். லியாக்கத் அலி அதை வாங்கி, எண்ணிப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.